சைட்மேப்பில் இல்லாத பக்கம்

லண்டனில் எந்தத் தமிழ்க் கடைக்குப் போனாலும் உப்பு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. டூட்டிங்கில் ஒரு கடையில் ஊதுபத்திக்குப் பக்கத்தில் இருக்கும். பிளேஸ்டோவில் என் வீட்டுக்குக் கீழே உள்ள கடையில் நல்லெண்ணெய்க்கும் குழந்தைகள் டயப்பருக்கும் நடுவில் இருக்கும். கேட்டால் கடைக்காரர் தலையைத் தூக்காமலே ஒரு திசையில் கையை நீட்டுவார். கடை அவருடையது, அவருக்குத் தெரியும். வாங்க வருகிறவனும் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற கவலை அவருக்கு எதற்கு?

எனக்கு அந்தக் கவலை உண்டு. அதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

'நடந்ததை உங்கள் சொந்தச் சொற்களில் எழுதித் தாருங்கள்' என்று உங்கள் கடிதத்தில் இருந்தது. கோயம்புத்தூரில் பிறந்து வளர்ந்தவனுக்குச் சொந்தச் சொற்கள் தமிழில்தான் இருக்கும். ஆகவே தமிழிலேயே எழுதுகிறேன். மொழிபெயர்க்கும் செலவை விசாரணைக் குழு பார்த்துக்கொள்ளட்டும். என் பெயர் பாலசுப்பிரமணியன். அலுவலகத்தில் பாலா என்பார்கள். முழுப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மீட்டிங் முடிந்துவிடும் என்று பயம்.

நான் வேலை பார்த்தது கிழக்கு லண்டனில் வீடுகளை வாடகைக்கு விடும் ஒரு சங்கத்தில். அதன் வெப்சைட்டை ஒழுங்குபடுத்துவது என் வேலை. நான் போய்ச் சேர்ந்தபோது அந்தத் தளம் கல்யாண மண்டப வாசலில் கிடக்கும் செருப்புகள் மாதிரி இருந்தது. குப்பை வண்டி வரும் நாள் 'எங்கள் வரலாறு' என்பதற்குள் இருந்தது. லிஃப்ட் பழுதானால் சொல்ல வேண்டிய பக்கம் 'செய்திகள்' என்பதற்குள் இருந்தது. வாடகை கட்டும் பக்கம் மட்டும் முகப்பிலேயே பளிச்சென்று இருந்தது. அதைத் தேடி யாரும் வழி தவறியதாக வரலாறு இல்லை.

எல்லாவற்றுக்கும் முதலில் நான் சைட்மேப் போட்டேன். உங்களில் யாருக்காவது தெரியாமல் இருக்கலாம், சொல்லிவிடுகிறேன். ஒரு தளத்தில் என்னென்ன பக்கங்கள் உண்டு, எது எதற்குள் இருக்கிறது என்று கிளை கிளையாகக் காட்டும் படம்தான் சைட்மேப். அதைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு அதன்படி தளத்தைக் கட்டுவோம். கட்டி முடித்ததும் அதையே ஒரு பக்கமாக்கித் தளத்தின் அடியில் ஒரு இணைப்பாக வைத்துவிடுவோம். அழுத்தினால் எல்லாப் பக்கங்களின் பெயரும் மேலிருந்து கீழாக வரிசையாக வரும். சாதாரணமாக யாரும் அழுத்துவதில்லை. கல்யாணப் பத்திரிகையில் அச்சகத்தின் பெயரை யார் படிக்கிறார்கள்?

என் சைட்மேப் நன்றாக இருந்தது. தற்பெருமை என்று நினைத்தாலும் பரவாயில்லை. தளம் புதிதாக வந்ததும் ஜனங்கள் தேடியது தேடிய இடத்தில் கிடைத்தது. லிஃப்ட் நின்றால் லிஃப்ட் பக்கம், எலி வந்தால் எலிப் பக்கம். வீட்டில் ஹீட்டிங் நின்றுபோய், நோயாளியோ கைக்குழந்தையோ இருந்தால், சரியாகும்வரை சங்கம் அவர்களை ஹோட்டலிலோ வேறு வீட்டிலோ குடிவைக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. அதற்கு விண்ணப்பிக்க ஒரு பக்கம் உண்டு. 'அவசர மாற்றிடம்' என்று அதற்குப் பெயர். அதையும் ஜனங்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். அங்கேதான் வினை தொடங்கியது.

அந்தக் குளிர்காலத்தில் சங்கம் ஏராளமானோரை ஹோட்டலில் வைக்க நேர்ந்தது. வசந்தம் வந்ததும் என் மேலாளர் ஹெலன் என்னைக் காப்பி குடிக்கக் கூப்பிட்டார். இந்த ஊரில் மேலதிகாரி காப்பிக்குக் கூப்பிட்டால் காப்பிக்காக அல்ல என்பது உங்களுக்குத் தெரியும். ஹெலன் நல்ல பெண்மணி. யாரையும் அதட்ட மாட்டார், எதையும் செய் என்று சொல்ல மாட்டார், 'ஐ வொண்டர்' என்று வியப்படைவார்.

"அந்தப் பக்கம் இவ்வளவு சுலபமாகக் கிடைக்கத்தான் வேண்டுமா என்று எனக்கு ஒரு வியப்பு, பாலா," என்றார்.

"எடுத்துவிடலாமா?" என்றேன்.

"ஐயோ, கூடாது. வெளியிட்டிருக்க வேண்டும் என்பது விதி." காப்பியில் ஊதினார். "நான் சும்மா வியந்தேன், அவ்வளவுதான்."

தனக்கு எதுவும் தெரியாது என்று ஹெலன் உங்களிடம் சொன்னதாக அறிகிறேன். அது உண்மை. தெரியாமல் இருப்பதற்கு அவர் எவ்வளவு பாடுபட்டார் என்பதற்கு நானே சாட்சி சொல்கிறேன். அவரை விட்டுவிடுங்கள். வியந்தவரை எந்தச் சட்டத்தில் பிடிப்பீர்கள்? செய்தவன் நான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். முடியும். சோறு போதுமான அளவு இருக்க வேண்டும், அவ்வளவுதான். சங்கத்தின் தளத்தில் சோற்றுக்குப் பஞ்சமே இல்லை. ஆண்டறிக்கைகள், கொள்கை விளக்கங்கள், கொள்கை விளக்கங்களுக்கான விளக்கங்கள். அவற்றில் எங்கே வைத்தால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்பதுதான் கேள்வி. அரைகுறை வேலைக்காரன் தனக்குத் தோன்றிய இடத்தில் ஒளித்துவைப்பான். நான் முறைப்படி சோதனை நடத்தினேன்.

எங்கள் தொழிலில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. குடியிருப்பவர்களைக் கூப்பிட்டு, பக்கங்களின் பெயர்களை அட்டைகளில் எழுதி மேசையில் பரப்பி, "எது எதோடு சேரும்? இன்னது வேண்டுமென்றால் எங்கே தேடுவீர்கள்?" என்று கேட்போம். அவர்கள் தேடும் இடத்தில் அந்தப் பக்கத்தை வைப்போம். எல்லா ஊரிலும் இப்படித்தான் செய்கிறார்கள். நானும் அப்படியேதான் செய்தேன். முடிவை மட்டும் மறுபக்கமாகப் படித்தேன்.

பிளேஸ்டோவில் சமூகக் கூடத்தில் கூட்டம் போட்டோம். தேநீர், பிஸ்கட், கலந்துகொண்டால் ஒரு பரிசு வவுச்சர். அந்தப் பகுதிக் குடியிருப்புகளில் யாழ்ப்பாணத்துக்காரர்கள் நிறைய. நான் தமிழன் என்று தெரிந்ததும் திமுதிமுவென்று வந்துவிட்டார்கள். "வெப்சைட் செய்யிறது எங்கட தமிழ்ப் பெடியன்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். இந்தியத் தமிழன் என்று தெரிந்தும் 'எங்கட' என்றார்கள். உண்மையிலேயே நெகிழ்ந்துபோனேன்.

ஹீட்டிங் நின்றுவிட்டது, வீட்டில் நோயாளி இருக்கிறார், தற்காலிகமாக வேறு இடம் வேண்டும், எங்கே தேடுவீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். பழுதுபார்ப்பு என்றார்கள். உடல்நலம் என்றார்கள். ஒருவர் 'எங்களைத் தொடர்புகொள்ள' என்ற அட்டையைத் தொட்டார். 'நிர்வாக அமைப்பும் பழைய கொள்கைகளும்' என்ற அட்டையை ஒருவர்கூடத் தொடவில்லை. தேநீர்க் கோப்பை வைக்கத்தான் அதைப் பயன்படுத்தினார்கள். மாற்றிடப் பக்கத்தை நான் அதற்குள் வைத்தேன். பெயரையும் 'இடைக்காலக் குடியமர்வு தொடர்பான கொள்கைக் கூற்று' என்று மாற்றினேன். உள்ளே இருந்த விண்ணப்பத்தில் ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை. யாராவது வந்து சேர்ந்தால் நிரப்பி அனுப்பலாம். வந்து சேர்ந்தால்.

அடுத்த கூட்டத்தில், புதிய அமைப்பு வேலை செய்கிறதா என்று பார்க்க அதே ஆட்களைக் கணினி முன்னால் உட்காரவைத்தேன். மாற்றிடம் கேட்கும் பக்கத்தைத் தேடிக் கண்டுபிடியுங்கள் என்றேன். ஒவ்வொருவராகத் தோற்றார்கள். தோற்றுவிட்டு என்னிடம் மன்னிப்புக் கேட்டார்கள். எனக்கு இதெல்லாம் விளங்காது தம்பி, குறை நினையாதேங்கோ என்றார்கள். குறையா? நான் மிகவும் திருப்தியாக இருந்தேன்.

கடைசியாக உட்கார்ந்தவர் செல்வமலர் அம்மா.

அறுபதைக் கடந்தவர். பள்ளிச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சங்கத்தின் கட்டடம் ஒன்றில் மேல்தளத்தில் கணவரோடு குடியிருந்தார். கணவர் இராஜேந்திரனுக்கு நுரையீரல் கெட்டுப்போய் வீட்டிலேயே ஆக்சிஜன் இயந்திரம் வைத்திருந்தார்கள். அந்த அம்மா ஒவ்வொரு கூட்டத்துக்கும் உருளைக்கிழங்கு வைத்துச் சுருட்டிப் பொரித்த ரோல்ஸ் கொண்டு வருவார். முதல் ரோல்ஸ் எனக்குத்தான்.

அவர் மெனுவைப் பார்க்கவே இல்லை. நேரே தளத்தின் அடிக்குப் போனார். சைட்மேப்பை அழுத்தினார். திரையில் விரலை வைத்து முதல் வரியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு வரியாக, உதடு அசைய. கூடத்தில் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள்.

"ஏம்மா எல்லாத்தையும் படிக்கறீங்க?" என்றேன்.

"முழுக்க வாசிச்சாத்தானே தம்பி எங்கை இறங்கிறது எண்டு தெரியும். நான் இங்கை வந்த புதிசிலை பஸ் ஸ்டொப்பிலை நிண்டு அந்தப் பலகை முழுக்க வாசிச்சுப் போட்டுத்தான் பஸ் ஏறுவன். ஆரையும் கேட்டுத் திரிய எனக்கு விருப்பமில்லை."

கடைசிப் பகுதிக்கு வந்ததும் விரல் நின்றது. "இதென்ன, இடைக்காலக் குடியமர்வு? இதுதானே தம்பி நீங்கள் கேட்டது?" திறந்து பார்த்தார். "ஓம், இதுதான்."

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். உள்ளுக்குள் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவ்வளவு அழகாக எழுப்பிய சுவரில் ஒரு கிழவி விரலை வைத்துத் தடவியே ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டார். கண்டுபிடித்ததோடு விட்டாரா? எழுந்து நின்று கூடத்துக்கே பாடம் எடுத்தார். "எது வேணுமெண்டாலும் அடியிலை போய் சைட்மேப்பை வாசியுங்கோ. தம்பி எல்லாத்தையும் அதிலை போட்டிருக்கிறார். அதிலை இருந்தால் இருக்கு, அதிலை இல்லையெண்டால் இல்லை. வீணா ஃபோன் அடிச்சுக் காத்துக்கொண்டு நிக்கத் தேவையில்லை."

கட்டடம் முழுவதும் அந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டது. யாழ்ப்பாணத்துக்காரர்கள் ஒரு விஷயத்தைப் பிடித்தால் விட மாட்டார்கள். உலகத்தில் வேறு எந்த வெப்சைட்டிலும் யாரும் சீண்டாத ஒரு பக்கம், எங்கள் தளத்தில் முகப்புக்கு அடுத்தபடியாக அதிகம் படிக்கப்பட்டது. புள்ளிவிவரத்தைப் பார்த்து ஹெலன் வியந்தார்.

எனக்கு வேறு வழி இருக்கவில்லை. அந்த ஒரு வரியை மட்டும் சைட்மேப்பிலிருந்து எடுத்தேன். தளத்தின் தேடல் பெட்டியிலும் அது வராதபடி செய்தேன். பக்கம் அங்கேயே இருந்தது. முகவரியை எழுத்து எழுத்தாக அடித்தால் இன்றைக்கும் திறக்கும். அதற்குப் போகிற பாதைதான் இல்லை. ஒரே ஒரு பயனாளரின் பழக்கத்தை மதித்து ஒரு தளத்தையே மாற்றி அமைப்பது எங்கள் தொழிலில் உயர்ந்த மரியாதை. செல்வமலர் அம்மாவுக்கு நான் அந்த மரியாதையைச் செய்தேன்.

அதன் பிறகு மாற்றிடம் கேட்டு வந்த விண்ணப்பங்கள் அநேகமாக நின்றே போயின. ஹெலன் கேக் வாங்கிவந்தார். 'தேவையைக் குறைத்த வடிவமைப்பு' என்று எனக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். தேவை குறைந்துவிட்டது என்று அவர்கள் உண்மையாகவே நம்பினார்கள் என்றுதான் நினைக்கிறேன். கதவைச் சுவராக்கிவிட்டு, யாருமே தட்டவில்லை என்று சந்தோஷப்படுவது மனித இயல்பு.

அடுத்த ஜனவரியில் செல்வமலர் அம்மாவின் கட்டடத்துக்குச் சூடு கொடுக்கும் பெரிய பாய்லர் பழுதானது. வெளியே உறைபனி. உதிரிபாகம் வர வேண்டும் என்று பழுதுபார்ப்பவர்கள் சொல்லிவிட்டார்கள். பாகம் என்பது எப்போதுமே வேறு நாட்டில் இருக்கும். ஆக்சிஜன் ஓடும் கட்டிலுக்குப் பக்கத்தில் மின்சார ஹீட்டர் வைக்கக் கூடாது, தீப்பிடிக்கும். எனவே அந்த அம்மா கணவருக்கு வீட்டில் இருந்த கம்பளிகளையெல்லாம் போர்த்தி, சுடுதண்ணீர்ப் பைகளை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார். அவர்களுடைய மகள் கம்சிகா தெற்கு லண்டனில் தோர்ண்டன் ஹீத்தில் இருக்கிறாள். தன் வீட்டுக்குக் கொண்டுபோகத் தயாராக இருந்தாள். ஆனால் இயந்திரத்தையும் நோயாளியையும் மேல்தளத்திலிருந்து இறக்கிக் கொண்டுபோய், போகிற இடத்தில் ஆக்சிஜனுக்கு ஏற்பாடு செய்வது ஒரு மகளால் ஆகிற காரியம் அல்ல. அந்த விண்ணப்பத்தைப் போட்டால் எல்லாவற்றையும் சங்கமே செய்திருக்கும். விதி அப்படித்தான் சொல்கிறது. நல்ல விதி.

சங்கத்துக்குப் போன் செய்திருக்கிறார்கள். போனை எடுக்கும் பிள்ளைகளும் பாவம், அதே சைட்மேப்பைப் பார்த்துத்தான் பதில் சொல்கிறார்கள். அப்படி ஒரு ஏற்பாடு இருப்பதாகத் தெரியவில்லை, வெப்சைட்டைப் பாருங்கள் என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கே தெரியாதபடி செய்திருந்தேன் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

வியாழக்கிழமை பாய்லர் நின்றது. செவ்வாய்க்கிழமை காலை ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் இராஜேந்திரன் இறந்துவிட்டார்.

இறுதிச் சடங்குக்கு நான் போயிருந்தேன். போகாமல் இருப்பது மரியாதை அல்ல. தகனச் சாலைக் கூடத்தில் தேவாரம் பாடிக்கொண்டிருந்தார்கள். செல்வமலர் அம்மா என்னைக் கண்டதும் எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்கள் உங்களாலை ஏலுமானதைச் செய்தனீங்கள் தம்பி. நான்தான் வேறை எங்கையும் தேடாமல் விட்டிட்டன்," என்றார்.

பக்கத்தில் நின்ற கம்சிகா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயனாளர் தன்னைத்தானே நொந்துகொண்டால் குற்றம் வடிவமைத்தவனுடையது என்று எங்கள் தொழிலில் ஒரு பாடம் உண்டு. புதிதாகச் சேருகிறவர்களுக்கு நானே அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஊருக்கு உபதேசம் சொல்கிற இடத்தில் இருந்தால் சில பாடங்கள் நமக்கே மறந்துபோகும்.

என்னைக் காட்டிக்கொடுத்தது என் தற்பெருமைதான். நல்ல வேலை செய்தவன் அதை நாலு பேருக்குக் காட்டாமல் இருப்பானா? என் சொந்த வெப்சைட்டில், சக தொழில்காரர்கள் பார்ப்பதற்காக, சங்கத்தளத்தின் முழு வரைபடத்தையும் போட்டுவைத்திருந்தேன். ஒரு பக்கம்கூட விடவில்லை. எந்தக் கோடும் போய்ச் சேராத ஒரு பெட்டியும் அதில் இருந்தது. கம்சிகா என் பெயரை இணையத்தில் தேடியிருக்கிறாள். அதைத் திறந்து மேலிருந்து கீழாக வாசித்திருக்கிறாள். மறுநாள் உங்களுக்கு எழுதிவிட்டாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. என் வேலையை அவ்வளவு கவனமாகப் பார்த்தவர்கள் குறைவு.

இனி நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். இராஜேந்திரன் இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு. செல்வமலர் அம்மா எனக்குப் போன் செய்தார் என்று உங்களிடம் பதிவு இருக்கிறது. செய்தார். என்ன பேசினோம் என்று அவர் உங்களிடம் சொல்ல மறுத்துவிட்டார் என்றும், 'அந்தப் பெடியனை இதுக்குள்ளை இழுக்காதேங்கோ' என்றார் என்றும் கேள்விப்பட்டேன். அவர் சொல்லாததை நான் சொல்கிறேன்.

என் மனைவி பிரீத்தாவின் அண்ணன் டூட்டிங்கில் வீடு வாங்கியிருந்தார். அன்றைக்கு அங்கே விருந்து. இலை போட்டு, பருப்பும் நெய்யும் ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. தளத்தில் ஏதாவது சிக்கல் என்றால் கூப்பிடுங்கள் என்று கூட்டத்தில் நானே எல்லோருக்கும் கொடுத்த எண். இடது கையால் எடுத்தேன்.

"தம்பி, நான் செல்வமலர் கதைக்கிறன். சாப்பிடுற நேரமோ? குழப்பிப் போட்டனோ?"

"பரவாயில்லம்மா, சொல்லுங்க."

"வியாழக்கிழமை தொடக்கம் ஹீட்டிங் இல்லை. இவருக்கு மூச்சு எடுக்க ஏலாமல் கிடக்கு. நீங்கள் அண்டைக்கு ஹோலிலை காட்டேக்கை ஒரு பக்கம் இருந்ததெல்லே, வேறை இடம் தருவினம் எண்டு. அதைக் காணேல்லை. சைட்மேப்பை ரெண்டு தரம் வாசிச்சிட்டன். அது இப்பவும் இருக்கோ, எடுத்துப் போட்டினமோ?"

பின்னால் அந்த மனிதர் இருமுவது கேட்டது. நீளமான இருமல். முடிகிற வரைக்கும் நான் காத்திருந்தேன்.

"சைட்மேப்ல பாத்தாத் தெரிஞ்சுரும்மா. அது சரியாத்தான் இருக்கு. நான் போட்டதுதான்," என்றேன்.

இதில் பொய் எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள். அது சரியாகத்தான் இருந்தது. நான் எப்படி இருக்க வேண்டும் என்று நினைத்தேனோ அப்படியே இருந்தது.

"நீங்கள் போட்டதெண்டால் பிழை வராது," என்றார். "எனக்கு எழுத்துத்தான் சின்னனாக் கிடக்கு. கண்ணாடி போட்டும் வடிவாத் தெரியேல்லை. அதாலை விட்டிட்டனோ எண்டு ஒரு சந்தேகம். நான் இன்னொருக்கா வாசிச்சுப் பாக்கிறன் தம்பி. நீங்கள் சாப்பிடுங்கோ."

ஏன் அந்தப் பக்கத்தின் முகவரியை அவருக்கு அனுப்பவில்லை என்று கேட்பீர்கள். ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவர்களுக்கு அநியாயம் அல்லவா? கட்டடம் முழுக்கக் குளிரில்தான் இருந்தது. எங்கள் ஆள் என்பதற்காக ஒருவருக்கு மட்டும் கொல்லைப்புறக் கதவைத் திறந்துவிடுவது ஊரில் நடக்கும். அதையெல்லாம் விட்டுவிட்டுத்தான் இந்த நாட்டுக்கு வந்தோம். நான் பாரபட்சம் பார்ப்பவன் இல்லை.

கையைக் கழுவிவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன். தளத்தில் இப்போது எத்தனை பேர் எந்தப் பக்கத்தில், எவ்வளவு தூரம் கீழே வந்திருக்கிறார்கள் என்று என் போனில் பார்க்க முடியும். ஞாயிறு மத்தியானம், கூட்டம் இல்லை. சைட்மேப்பில் ஒரே ஒருவர் இருந்தார். வேறு யாராக இருக்க முடியும்? மேலிருந்து கீழே மெல்ல நகர்ந்துகொண்டிருந்தார். அவருடைய விரல் எந்த வரியில் இருக்கும் என்று எனக்குக் கிட்டத்தட்டத் தெரிந்தது. மனது கஷ்டமாக இருந்தது. நான் ஒன்றும் கல் இல்லை. அந்தச் சின்ன எழுத்தோடு ஒரு வயதான அம்மா மல்லுக்கட்டுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

ஆகவே தளத்தைத் திருத்தும் இடத்துக்குள் போனேன். சைட்மேப் பக்கத்தைத் திறந்தேன். எழுத்தைப் பெரிதாக்கினேன். வரிகளுக்கு நடுவில் கொஞ்சம் இடைவெளியும் விட்டேன். பக்கத்தைத் திரும்பத் திறந்து பாருங்கள் அம்மா என்று செய்தி அனுப்பினேன்.

அவர் திறந்தார். முதலிலிருந்து வாசித்தார். இந்தத் தடவை வேகமாக நகர்ந்தார், தடுமாறவே இல்லை. கடைசி வரிக்கு வந்து அங்கேயே வெகுநேரம் இருந்தார். பிறகு போய்விட்டார். உள்ளே அழைத்தார்கள், பாயசம் போட்டாகிவிட்டது என்று. நான் இலைக்குத் திரும்புவதற்குள் அவருடைய குரல் செய்தி வந்திருந்தது.

"தம்பி, இப்ப வடிவாத் தெரியுது. முழுக்க வாசிச்சிட்டன். அது இல்லைத்தான். இவருக்கும் சொல்லிப் போட்டன், பாய்லர் திருத்துமட்டும் பொறுத்துக்கொள்ளுங்கோ எண்டு. உங்களுக்குப் பெரிய உபகாரம்."

அதற்குப் பிறகு அவர் யாரையும் கேட்கவில்லை. சங்கத்துக்கும் மறுபடி போன் செய்யவில்லை, மகளையும் அலையவிடவில்லை. சின்ன எழுத்தாகவே இருந்திருந்தால் அந்தச் சந்தேகத்தில் இன்னும் நாலு இடத்தில் விசாரித்திருப்பார் என்று, தாயின் போனில் இருந்த செய்திகளைப் பார்த்துவிட்டுக் கம்சிகா எழுதியிருக்கிறாள். இருக்கலாம். ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பக்கத்தை மறைத்தவன் நான். அவர் தேடுவார் என்று தெரிந்து மறைத்தேன், அவர் தேடியதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எடுத்த வரியைத் திரும்பச் சேர்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று கேட்டீர்கள். எழுத்தைப் பெரிதாக்க ஆன நேரம்தான் ஆகியிருக்கும்.

உங்கள் அறிக்கையில் இதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அந்த அம்மா உதவி என்று கேட்டபோது நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். விருந்தில் பாதி இலையில் எழுந்துபோய், அவருக்குக் கண் நோகக் கூடாதே என்று எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தவன் நான் ஒருவன்தான்.